விரலில் மை இல்லை

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்ட அன்று இரவு வீடியோ காலில் அப்பா கேட்ட முதல் கேள்வி: "விரலைக் காட்டு, மை வெச்சாங்களா?"

சட்டையில் ஒட்டியிருந்த 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரைக் காட்டினேன். "துவைச்சா போயிடுமேடா!" என்றார். தேர்தல் பணிக்குப் போய் ஊரார் இடக்கை விரல்களில் எல்லாம் கோடு இழுத்த வாத்தியார் அவர்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். நியூஜெர்சி 1992 முதல் ஒரே கட்சிப் பக்கம், உன் ஓட்டால் ஒன்றும் ஆகாது என்றார். நாம் போடுவது அதிபருக்கே இல்லையாம், இந்த மாநிலத்தின் 14 தேர்வாளர்களுக்காம்; அதிபருக்கு ஓட்டுப் போடுவது அவர்கள்தானாம். குடியுரிமைத் தேர்வுக்கு உருப்போட்ட விஷயம்தான். உறைத்தது அன்றுதான். "எங்க ஊரில் குடியரசுத் தலைவரை எம்.எல்.ஏ., எம்.பி.தான் தேர்ந்தெடுப்பாங்க, இங்கே நேரா நாமே" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்காவது 176 என்று ஒரு மதிப்பு உண்டு.

மனசு ஆறாமல் அந்தச் சனிக்கிழமை பிரின்ஸ்டன் போனேன். அங்கே பல்கலைக்கழகத்தில், வாசலில் இரண்டு வெண்கலப் புலிகள் காவலிருக்கும் நாசோ ஹால் என்ற பழைய கட்டடம். 1783 கோடையில் அமெரிக்காவின் நாடாளுமன்றமான காங்கிரஸ் இங்கேதான் தஞ்சம் புகுந்தது. (நம்ம கட்சி இல்லை.) வரி போட அதிகாரமில்லாத அரசு. சம்பள பாக்கி கேட்டு சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா மாநில அரசு காவலுக்கு ஆள் அனுப்பவில்லை. உறுப்பினர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள்.

அப்புறம் அன்னாபொலிஸ், டிரென்டன், நியூயார்க். வந்த புதிதில் எடிசன், பிஸ்கடவே, பிளெயின்ஸ்பரோ என்று குக்கரும் இட்லித் தட்டுமாக நான் வீடு மாறினேனே, அதே கதை! பின்னாளில் அதிபரான மேடிசன்கூட பிரின்ஸ்டனில் பத்தடி அறையில் ஜோன்ஸ் என்ற இன்னொரு உறுப்பினரோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார். எடிசனில் நாங்கள் ஐந்து பேர், மெத்தை மூன்று. அந்த மனுஷர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

அப்போதும் 'பிரசிடென்ட்' இருந்தார். கூட்டத்தை நடத்தவும் கடிதத்தில் கையெழுத்துப் போடவும்தான். காங்கிரஸில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. மூன்று வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. நம் அபார்ட்மென்ட் சங்கத் தலைவருக்கு இதைவிட அதிகாரம் அதிகம். இது சரிவராமல்தான் 1787-இல் புது அரசியல் சட்டம் எழுதி, தேர்வாளர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 1789-இல் ஓட்டளித்த 69 பேரும் வாஷிங்டனுக்கே போட்டார்கள். நியூயார்க்கிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்கள் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் தேர்வாளரை எப்படி நியமிப்பது என்று சண்டை போட்டே நாளைக் கடத்திவிட்டன. படித்ததும் ஊர்ப் பஞ்சாயத்து ஞாபகம் வந்து, புலிக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

சரி, இது என் ஊர்தான் இனி என்று தோன்றியது. புலியோடு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். புலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீட்டுக்கு வந்தாங்க. உன் பேரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். பிறகு, அம்மா வடாம் பிழிந்து வைத்திருப்பதாகச் சொன்னார்.