சாட்சிக்கு இரண்டு பேர்

யாழ்ப்பாணத்தில் கிராம அலுவலர் வேலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. அலுவலக நாள் என்றால் காலை எட்டரைக்கே வாங்கு நிறைந்துவிடும். வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டை, அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணம், வெள்ள நிவாரணம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அலுவல். ஊருக்கு நான் இன்றைக்கும் விதானையார்தான். ஆர் வீட்டில் என்ன பிரச்சினை, எந்தக் காணிக்கு எல்லைச் சண்டை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை காலம் இந்தக் கதிரையில் இருந்து நான் கண்டுகொண்ட ஒன்றை எழுதவேண்டும் என்று கனநாளாக மனதில் கிடக்கிறது. நாற்பது தாண்டிய ஆண்களில், மனம்விட்டுக் கதைக்க ஒரு கூட்டாளி இல்லாதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதை வாயால் சொல்வதில்லை. ஏதாவதொரு படிவத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரியவரும்.

வருடத் தொடக்கத்தில் ஓய்வூதியம் எடுப்பவர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க வருவார்கள். பெண்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேராகத்தான் வருகிறார்கள். அலுவல் முடிந்ததும் அப்படியே கோயிலுக்கோ சந்தைக்கோ போய்விடுவார்கள். ஆண்கள் தனியாக வருகிறார்கள். கையெழுத்து வைக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அவர்கள் எழும்பமாட்டார்கள். வெங்காயம் என்ன விலை போகுது, மேற்கு வீதியில் பூட்டிக் கிடக்கிற வீட்டை ஆர் வாங்கினது, இந்த முறை மழை எப்படி என்று கதை நீளும். அடுத்த கிழமை, ஏற்கனவே முடிந்த அலுவலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டு திரும்ப வருவார்கள்.

ஒருநாள் வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது மட்டில் இருக்கும். மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போனவர், பேரப்பிள்ளையோடு அங்கேயே நின்றுவிட்டார். இவர் வீட்டுக் காணியை மகளுக்கு எழுதப் போகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் பழைய உறுதி, அதாவது காணிப் பத்திரம்.

“விதானையார், நொத்தாரிசு ரெண்டு சாட்சி கூட்டிக்கொண்டு வரட்டாம். என்னை நல்லாத் தெரிஞ்ச ஆக்களாய் இருக்கோணுமாம்.”

“அதுக்கென்ன அண்ணை, உங்களைத் தெரியாத ஆக்கள் ஊரிலை இருக்கினமே?”

“தெரியும் தம்பி, எல்லாருக்கும் தெரியும். வேலையை விட்டிட்டு அரை நாள் என்னோடை வா எண்டு கேக்கத்தான் ஆள் இல்லை.”

பிறகு அவராகவே விரல் மடித்துச் சொன்னார். ஒருத்தன் கனடாவில், ஸ்காபரோவில். ஒருத்தன் பாரிசில், இரவு வேலை, இவர் முழித்திருக்கிற நேரம் அவன் நித்திரை. ஒருத்தன் 2009இல் வன்னியில் இல்லாமல் போனான். மூன்றாவது விரலோடு கையை எடுத்துக் கோப்பின் மேல் வைத்துவிட்டார்.

காணி உறுதிக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. மோசடியைத் தடுப்பதற்காக வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. ஒரு மனிதனுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள் என்று அந்தச் சட்டம் நம்பியிருக்கிறது.

இவருடைய வயதுக்காரர்களுக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு ஒரு தொகை வெளிநாடு போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது ஒரே வகுப்பில் இருந்தவர்கள் திக்குத்திக்காகப் போனார்கள். அந்த வகுப்பில் இருந்து திரும்பி வந்தவர்கள் சிலர்தான். ஆனாலும் யுத்தத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட எனக்கு மனமில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, ஆனால் கூட்டாளிகள் இருந்தார்கள். ரியூசனுக்கு இரண்டு பேர் சைக்கிளைச் சோடியாக விட்டு ஓடுவோம். கொக்குவிலில் தொடங்கின கதை திருநெல்வேலிச் சந்தியிலும் முடியாது. வீட்டுப் படலையில் ஒரு காலை ஊன்றி நின்று இன்னும் அரை மணித்தியாலம் கதைப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை, பார்வை ரோட்டில் இருக்கும். காதல், வீட்டுக் கஷ்டம், பயம் எல்லாம் அப்படித்தான் வெளியில் வந்தது. இன்றைக்கு ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், தலைக்கவசம். பக்கத்தில் போகிறவனுக்குத் தலையை ஆட்டுவதோடு சரி.

கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் வந்துவிட்டது. சனசமூக நிலையத்துக்கு ‘உதயன்’ பார்க்க வந்தவர்கள் இப்போது போனில் பார்க்கிறார்கள். பேப்பர் ஒரு சாட்டுத்தான், வந்தவர்கள் வாங்கில் இருந்து ஊர்க்கதை கதைத்தார்கள். பின்னேரத்தில் 304 என்ற சீட்டு விளையாட நாலு கை வேண்டும், ஒருவர் வராவிட்டால் அவரைத் தேடி வீட்டுக்கு ஆள் போகும். அப்படி ஒருவரைத் தேடி ஆள் போவது இப்போது குறைந்துவிட்டது. தவறணை மட்டும் கூட்டம் குறையாமல் இருக்கிறது. சாட்டு வேறு இல்லாத இடத்தில் குடி சாட்டாகிவிடுகிறது என்பதை வீட்டு வன்முறை முறைப்பாடுகளை விசாரிக்கப் போகும் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நல்லூர்த் திருவிழாக் காலம் இன்னொரு வகை. வெளிநாட்டில் இருந்து பழைய கூட்டாளிகள் வந்து இறங்குவார்கள். இருபத்தைந்து நாளும் கோயில் வீதி, கீரிமலை, பள்ளிக்கூடப் பழங்கதை. பூங்காவனத் திருவிழா முடிய ஒவ்வொருவராகப் பறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் செப்டெம்பரில்தான் என் மேசைக்குக் காரணமில்லாமல் வரும் ஆண்கள் கூடுவதாக எனக்குப் படுகிறது. வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் வந்துகொண்டேதான் இருக்கும். காய்ச்சலில் கிடந்தால் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிப்போக அந்தக் குழுவில் உள்ள எவராலும் முடியாது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வருத்தமல்ல. அமெரிக்காவில் நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லை என்று சொன்ன ஆண்கள் 1990இல் 3 வீதம், 2021இல் எடுத்த கணக்கெடுப்பில் 15 வீதம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணித்தியாலம் சேர்ந்திருக்க வேண்டுமாம், நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். வேலையிடத்தில் ஒன்றாகக் கழிக்கும் மணித்தியாலங்கள் அந்தளவுக்குப் பயன் தருவதில்லை என்பதையும் கண்டிருக்கிறார். என் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது உண்மை. பிரதேச செயலகத்தில் பல வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்களின் பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு எனக்குத் தெரியும், அவர்கள் இரவில் எதை நினைத்து நித்திரையில்லாமல் கிடக்கிறார்கள் என்று தெரியாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒருவரோடு இருந்தாலும் 200 மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட நாலு வருடம் வேண்டும். சைக்கிளில் ரியூசனுக்குப் போன பொடியளுக்கு அது ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிட்டது.

விதானைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. என்னோடு சிரித்துக் கதைப்பவருக்கு நாளைக்கு என் கையெழுத்துத் தேவைப்படும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நினைப்பு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் இருக்கும்.

அவுஸ்திரேலியாவில் தொண்ணூறுகளில் இருந்து ஆண்களுக்கென்று கொட்டில்கள் நடத்துகிறார்கள். மரவேலை செய்யலாம், உடைந்த கதிரை, பழைய சைக்கிள் திருத்தலாம். மனதில் இருப்பதைச் சொல்ல வாருங்கள் என்று கூப்பிட்டால் வராத ஆண், கதிரை திருத்தக் கூப்பிட்டால் வருகிறான், சீவுளி தள்ளிக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்கிறான். எங்கள் ஆண்களும் அப்படித்தான். ஐயா, தனிமையாய் இருக்குதோ என்று கேட்டால் ஒருவரும் ஓம் என்று சொல்லமாட்டார். சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வாங்கோ என்றால் ஐந்தரைக்கே வந்து நிற்பார்.

காணியை மகளுக்கு எழுத வந்த அந்த அண்ணையோடு உறுதிக்குப் போனவர்கள் பக்கத்து வீட்டு மின்வேலைக்காரரும் சனசமூக நிலையத் தலைவரும். சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டு மூன்று பேரும் கஸ்தூரியார் வீதியில் தேத்தண்ணி குடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தலைவர் அவரை நிலையத்தின் பழைய பேப்பர்களை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டிருக்கிறார், இரண்டு தரம் வந்திருக்கிறார், நிலையான கூட்டாளித்தனமாக அது வளருமோ என்று இப்போதே சொல்லமுடியாது. நிலையத்தை ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் வீட்டுக்கு வந்து முகம் கழுவும் நேரம் அது. ஒன்பது மணிவரை திறந்து வைக்கும்படியும், கராம் பலகையை அலுமாரிக்குள் இருந்து வெளியில் எடுக்கும்படியும் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கரண்ட் காசை ஆர் கட்டுவது என்பதை அடுத்த கூட்டத்தில் எடுப்பார்களாம்.