பகலில் மனு, இரவில் மகுடம்

'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ராஜாவாக ஆசைப்படுகிறவர்கள் முதலில் மூட்டையின் எடையைப் பார்க்கப் பழக வேண்டும். வாள்வீச்செல்லாம் அப்புறம். செத்து விழுகிற கொள்ளைக்காரன் ஒவ்வொருவனிடமும் ஒரு கத்தி, ஒரு வில், ஒரு தோல்சட்டை இருக்கும். பழைய இரும்புக்குப் போட்டால்கூட நாலு காசு தேறுமே என்று கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளம்பினால், ஆறு பேர் கொண்ட நம் கோஷ்டி வரைபடத்தில் ஊர்ந்துதான் போகும். பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் களைப்பு. முகாம் போட்டால் ஆளுக்கொரு கட்டுச்சோறு வேண்டும். அந்தச் சோற்றுக்கும் எடை உண்டு. வாளைக் கீழே போடுவதா, சோற்றைக் கீழே போடுவதா? மந்திரமும் மாயமும் நிறைந்த அந்த உலகத்தில் நான் எடுத்த முதல் வீரதீர முடிவு இதுதான். சோற்றை வைத்துக்கொண்டேன்.

இந்த வினையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அக்கா மகன். கோவையில் கல்லூரியில் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன் என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனான். "மாமா, பகல் பூரா மனு மனுன்னு சாகுறீங்க. ராத்திரியாவது ராஜாவா இருந்து பாருங்க" என்றான். நான் வேலை பார்ப்பது ஓர் அலுவலகத்தில், மனுக்கள் வந்து சேரும் பிரிவில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் எங்கள் மேஜை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

விளையாட்டு வந்தது 2018 செப்டம்பரில். செய்தவர்கள் ஆவுல்கேட் கேம்ஸ். அதற்கு முந்தைய வருடம் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடமே காசு திரட்டியிருக்கிறார்கள். ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்ததாம். இதைச் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கின காசுக்கு ஒழுங்கா பொருளைக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அவள் எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் பொருளாளர். கொடுத்தார்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டின் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. என் மேல் வரவில்லை.

கதை இதுதான். 'ஸ்டோலன் லேண்ட்ஸ்' என்று ஒரு காட்டுப் பிரதேசம். அங்கே மான்தலைக் கவசம் போட்டுக்கொண்டு ஸ்டாக் லார்ட் என்ற கொள்ளையர் தலைவன் அட்டகாசம் பண்ணுகிறான். ஜமாண்டி ஆல்டோரி என்ற பெரிய வீட்டு அம்மாள் ஆட்களைக் கூப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் அவனை ஒழிக்கிறவருக்கு அந்த நிலமும் 'பாரன்' என்ற சிற்றரசர் பட்டமும் என்று அறிவிக்கிறார். முடித்துவிட்டு வா என்கிற காண்ட்ராக்ட். நான் இதுவரை பார்த்த பணி ஆணைகளில் நிபந்தனை தெளிவாக இருந்தது இது ஒன்றுதான்.

நம்மோடு வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமிரி என்ற காட்டுவீரி, அரக்கர்கள் தூக்கும் அளவுக்குப் பெரிய வாள் ஒன்று வைத்திருக்கிறாள். பட்டால் எதிரி காலி. பட்டால்தானே? லின்சி என்று முழ உயரத்துப் பாட்டுக்காரப் பெண். நாம் செய்வதையெல்லாம் புத்தகமாக எழுதுகிறேன் என்று பின்னாலேயே வருவாள். நம் பயணக் குறிப்பேடே அவள் எழுதுவதுதான். வலேரி கேடயம் பிடித்து முன்னால் நிற்பாள். 'அழகாக இருக்கிறாய்' என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. அப்புறம் ஹாரிம். குள்ளர் இனத்துப் பூசாரி. அவர் கும்பிடுவது க்ரோட்டஸ் என்ற உலக முடிவின் கடவுளை. நமக்குக் காயம் ஆற்றிக்கொண்டே, எல்லாம் ஒருநாள் அழியத்தானே போகிறது என்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, போன மாதம் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பட்டியல் வாசிக்கும் பெரியப்பாவைப் போன்ற மனிதர். என் மனைவிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "இவரு ஒருத்தருதான் உள்ளதைச் சொல்றாரு."

போக்கன் என்று மருந்து காய்ச்சும் கிழவர் ஒருவர் இருக்கிறார். ஏதோ ஒரு பழம் வேண்டும், குகையில் கிடக்கிறது, பறித்துக்கொண்டு வா என்பார். பழம் பறிக்கத்தானே என்று போனால் உள்ளே சிலந்திக் கூட்டம். ஒரு சிலந்தி என்றால் வெட்டலாம். ஆயிரம் குட்டிச் சிலந்திகள் தரையில் பாய் விரித்த மாதிரி வந்தால் எதை வெட்டுவது? விதிப்படி அந்தக் கூட்டத்தை ஆயுதம் ஒன்றும் செய்யாது. அமிரியின் அரக்க வாள் காற்றில் சுழல்கிறது, வலேரியின் கேடயம் சும்மா நிற்கிறது, எறும்புப் புற்றில் உட்கார்ந்தவர்களாக எல்லோரும் துள்ளுகிறார்கள். ஹாரிம் மட்டும் கடைசிவரை நிதானமாக இருந்துவிட்டு நிதானமாக விழுந்தார். அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, தீப்பந்தத்தைக் கையில குடுங்க. நெருப்புக்குத்தான் அது அடங்கும்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"எல்லாரும் ஒருதடவை அந்தக் குகையில செத்துட்டுத்தான் மாமா வருவாங்க. அது ஒரு சடங்கு."

பக்கத்திலிருந்து என் மனைவி, "ஒரு வெளக்குமாத்தைக் கொளுத்தினா போச்சு, இதுக்குப் போய் வாளை வீசிக்கிட்டு" என்றாள். இதற்கு மூலம் பாத்ஃபைண்டர் என்ற மேஜை விளையாட்டு, அதன் விதிப்புத்தகம் தலையணை கனத்துக்கு இருக்கும். அந்தப் புத்தகத்தின் சாரம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சண்டையெல்லாம் முதலில் ஒரே ஓட்டமாக நடக்கும், ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி நிறுத்த வேண்டும். 2020 ஆகஸ்டில்தான் ஆளுக்கொரு முறை என்று வரிசையாக அடித்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். அதற்கு முன்மாதிரி ரசிகர் ஒருவர் தானாகச் செய்து விளையாட்டில் ஒட்டவைத்த மாற்றம், 'மாட்' என்பார்கள். என் வயதுக்காரர்கள் சார்பில் அந்த ரசிகருக்கு ஒரு கும்பிடு.

ஸ்டாக் லார்டை எப்படியோ முடித்தாயிற்று. பட்டாபிஷேகம் ஆயிற்று. இனிமேல் அரண்மனை, சாமரம் என்று நினைத்தால், திரையில் விரிந்தது ஓர் அலுவலகம். சமூகம், விசுவாசம், படை, பொருளாதாரம், உளவு என்று பத்துத் துறை. துறைக்கொரு ஆலோசகர். பிரச்சினைகளும் வாய்ப்புகளும் அட்டை அட்டையாக வரும். அட்டைக்கு ஒரு ஆலோசகரை ஒதுக்கினால் அத்தனை நாளும் அவர் அதிலேயே மாட்டிக்கொள்வார், வேறு வேலைக்கு ஆகமாட்டார். கெடு முடிந்ததும் இருபது முகப் பகடை உருண்டு, அமோக வெற்றியிலிருந்து பெருநாசம் வரைக்கும் ஏதோ ஒன்று விழும். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் எதிரே குடிமக்கள் வந்து நிற்கிறார்கள். கையில் காகிதம் இல்லையே தவிர, அதே முகம், அதே 'நீங்கதான் பாத்துச் சொல்லணும்'.

"தளபதி ஒருத்தி, பிரச்சினை மூணு. இன்னொரு ஆளைப் போட்டா என்ன?" என்றாள் மனைவி.

"அந்தப் பதவிக்கு போஸ்ட் ஒண்ணுதான்."

"அப்ப உங்க ஆபீஸேதான் இது."

அன்றைக்கே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ராஜ்ஜியத்தில் எதைக் கட்டுவதற்கும் பில்ட் பாயிண்ட் வேண்டும். வாரா வாரம் கொஞ்சம் வரும், போதாவிட்டால் தங்கம் கொடுத்து வாங்கலாம். நான் வந்ததையெல்லாம் அன்றைக்கே கட்டடமாக்கிக்கொண்டிருந்தேன். "கையிருப்பு இல்லாம எவளாவது கடன் குடுப்பாளா?" என்று அவள் என் கையைத் தட்டிவிட்டாள். நகரத்தின் கட்டங்களில் எந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் கூடுதல் பலன் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணில் பட்டது வேறு. "கோயிலை ஒட்டிச் சாராயக்கடை வச்சிருக்கீங்க. நாளைக்கு ஊரே திரண்டு வந்து மனு குடுக்கும், பாருங்க." அந்த மனுவின் வாசகம்கூட எனக்கு மனப்பாடம். கடையை இடித்து நாலு கட்டம் தள்ளிக் கட்டினேன். விளையாட்டு அதற்கு ஒரு புள்ளிகூடக் கூடுதலாகத் தரவில்லை.

பொருளாளர் பதவிக்கு ஜூபிலோஸ்ட் என்ற குட்டையரைப் போட்டோம். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவரை முட்டாள் என்று சொல்லாமல் மூடமாட்டார். "கணக்கு சுத்தமா இருக்கிறவங்களுக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று மனைவி அவருக்காக வாதாடினாள். எனக்கு வாழ்க்கையில் அனுபவம் உண்டு, நான் பதில் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்து ட்ரோல்கள் படையெடுத்து வந்தன. வெட்டினாலும் காயம் தானாக மூடிக்கொண்டு எழுந்து நிற்கிற ஜென்மங்கள். நெருப்போ அமிலமோ பட்டால்தான் சாகும் என்று தீப்பந்தமும் கையுமாகப் போனேன். சிலந்திக் குகை கற்றுத் தந்த பாடம் ஆயிற்றே. அங்கே பார்த்தால் சில ட்ரோல்களின் உடம்பில் மந்திரச் சூடு போட்டு, நெருப்பும் சுடாதபடி பண்ணி வைத்திருக்கிறார்கள். "அப்ப ஆசிட்தான். பாத்ரூம் கழுவுறது இருக்கா அங்க?" என்றாள் மனைவி. அடுப்படிப் பக்கம் அவள் சொல்லும் தீர்வு ஒன்றுகூட இதுவரை தப்பியதில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ட்ரோல் ராஜாவைத் தேடிக் கிளம்புகிற சமயத்தில் பொருளாதாரத்துறையை அடுத்த படிக்கு உயர்த்தும் அட்டை வந்தது. அதற்கு ராஜாவே தலைநகரில் உட்கார வேண்டும், பதினான்கு நாள் ஒரேயடியாகக் கழியும். ஊர் பற்றி எரியும்போது எப்படி என்று நான் தயங்க, அவள் மவுஸை வாங்கி அழுத்தியேவிட்டாள். நானும் ஜூபிலோஸ்டும் பதினான்கு நாள் கணக்குப் பார்த்தோம். விஷயத்தைக் கேள்விப்பட்ட அக்கா மகன் போனிலேயே அலறினான்.

"ட்ரோல் வந்துக்கிட்டிருக்கும்போது யாராவது ரெண்டு வாரம் மீட்டிங் போடுவாங்களா அத்தை?"

"போடுவாங்க. உங்க மாமா ஆபீஸ்ல வந்து பாரு."

கெடு இன்னும் பாக்கி இருந்தது, ட்ரோல் ராஜா அமிலத்தில் வெந்தான், கஜானாவும் ஒரு படி ஏறியிருந்தது. அதற்குப் பிறகு லேப்டாப் என் கைக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. அவள் பெயரில் தனியாக ஒரு ஆட்டம், தனியாக ஒரு ராஜ்ஜியம். மத்தியானச் சமையல் முடிந்தால் ஆட்சி தொடங்கிவிடும்.

போன திங்கட்கிழமை. வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. என் மேஜைக்கு முன்னால் ஒரு பாட்டி, மடித்து மடித்து வேர்வையில் நனைந்த மனுவோடு உட்கார்ந்திருந்தார். முதியோர் உதவித்தொகை நின்று போய்விட்டது, விசாரித்தால் பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக இருக்கிறது. நான் மனுவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீட்டில் அவசரம் ஏதாவது இருக்குமோ என்று எடுத்தேன்.

"என்னங்க, ராத்திரி முகாம்ல படுத்திருக்கும்போது எவனோ புகுந்து அடிச்சுட்டான். அந்தக் குட்டிப் பொண்ணு செத்தே போயிட்டா."

லின்சி. ஏற்கெனவே ஒருமுறை விழுந்து, மரண வாசல் என்ற குறியோடு இருந்தவள். ஓய்வெடுத்து அது நீங்குவதற்குள் இரண்டாவது முறை விழுந்தால் உயிர் போய்விடும்.

"பதறாத. செத்தவங்களை உயிர்ப்பிக்கிறதுக்குன்னு ஒரு தாள் இருக்கு. பொட்டியில கீழ பாரு. அதை ஹாரிம்கிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னா எழுந்துருவா. இல்லேன்னா கடையிலயும் விக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து மேஜைக்காரர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு, மேஜையில் கையை ஊன்றிக் குரலைத் தாழ்த்தினார்.

"கடையில என்ன விலையானாலும் சரி. எனக்கும் அந்தத் தாள்ல ஒண்ணு வாங்கிக் குடு ராசா."