பூம்பாறைக்கு வந்த ஒசாகா காய்ச்சல்

2021-ல் எங்கள் அப்பா தடுப்பூசி போட மறுத்ததற்குக் காரணம் ஓர் அமெரிக்க கார்ட்டூன்.

அப்பா பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறார். நான் கொடைக்கானலில் கேபிள் வேலை பார்க்கிறேன். முந்தின வருட ஊரடங்கில், காய வைத்த பூண்டை வடுகபட்டி சந்தைக்கு இறக்க வழியில்லாமல் அவர் வீட்டிலேயே கிடந்த நாட்களில், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மஞ்சள் முகத்தோடு ஒரு செய்தி வாசிப்பாளர், பின்னால் ‘கொரோனா வைரஸ்’ என்று எழுத்து. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடர் 1993-லேயே இதைச் சொல்லிவிட்டது என்று கீழே ஒரு வரி. அப்பா அதை அழிக்காமல் வைத்திருந்தார். ஊசி போட ஊருக்கு ஆள் வந்தபோது என்னிடம் எடுத்துக் காட்டினார்.

“முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னா திட்டம் போட்டுத்தானப்பா செஞ்சிருக்காங்க? அப்ப ஊசி மட்டும் எப்படி நல்லதா இருக்கும்?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் படம் உண்மை என்றால் அவர் முடிவுதான் சரி. அதனால் அவரோடு வாதாடாமல், அந்தத் தொடரைத் தேடிப் போனேன். இரண்டு ராத்திரி பார்த்தேன்.

1993-ல் வந்த அந்த எபிசோடில் வருவது ‘ஒசாகா காய்ச்சல்’. ஜப்பானில் பழச்சாறு பிழியும் மெஷினைப் பெட்டியில் அடைக்கும் தொழிலாளி ஒருவர் பெட்டிக்குள் இருமிவிடுகிறார். பார்சல் போய்ச் சேர்ந்த ஊரெல்லாம் காய்ச்சல். அவ்வளவுதான். கொரோனா என்ற சொல்லே அதில் கிடையாது. எழுதியவர்களில் ஒருவரான பில் ஓக்லி, 1968-ல் பரவிய ஹாங்காங் காய்ச்சலை மனதில் வைத்துத்தான் எழுதினோம் என்று 2020-ல் சொல்லியிருக்கிறார். அதாவது நடந்து முடிந்ததைப் பார்த்து எழுதியது. அந்தச் செய்தி வாசிப்பாளர் படமோ 2010-ல் வந்த வேறொரு எபிசோடு. பின்னால் இருந்த எழுத்தை அழித்து யாரோ கொரோனா என்று ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி, இது ஒட்டு வேலை. டிரம்ப் ஜனாதிபதி ஆவார்னு சொன்னது?”

அது நிஜமாகவே இருக்கிறது. 2000 மார்ச்சில் வந்த எபிசோடில், வருங்காலத்தில் ஜனாதிபதியாகிவிட்ட லிசா என்ற தொடரின் சிறுமி, டிரம்ப் காலி செய்துவிட்டுப் போன கஜானாவைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் 1999-லேயே டிரம்ப் ஒரு சிறிய கட்சியின் சார்பில் போட்டியிடப்போவதாக அமெரிக்காவில் பேச்சு அடிபட்டது, அவரும் கொஞ்ச நாள் அதில் இறங்கிப் பார்த்தார். எழுதியவர்கள் பேப்பர் படித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடியது. ஊரில் இன்று நடப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று கூர்ந்து யோசிக்கிறவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நகைச்சுவை வரும். டிரம்ப் நகரும் படிக்கட்டில் இறங்கும் காட்சி என்று சுற்றுகிறதே, அது 2015 ஜூனில் அவர் நிஜமாக இறங்கியதைப் பார்த்து அடுத்த மாதம் வரைந்தது. அதையும் 2000 என்று தேதி போட்டு விடுகிறார்கள்.

அப்பா யோசித்துவிட்டு, “நம்ம குறிஞ்சிக் கணக்கு மாதிரியா?” என்றார்.

இல்லை என்றேன். குறிஞ்சி 1994-ல் பூத்தது, 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030 என்று நாம் இப்போதே சொல்கிறோம். பூக்காவிட்டால் மலை முழுக்க ஏன் என்று கேட்கும். 1989 டிசம்பரில் தொடங்கிய இந்தத் தொடரில் 700 எபிசோடுக்கு மேல் வந்தாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் எத்தனையோ ஜோக். பலிக்காததை யார் எண்ணினார்கள்? 1995-ல் வந்த ஒன்று 2010-ல் நடப்பதாகக் கதை. அதில் கைக்கடிகாரத்தில் பேசுகிறார்கள், அதை எல்லோரும் பகிர்கிறார்கள். அதே எபிசோடில் மூன்றாம் உலகப் போர் முடிந்துவிட்டதாக ஒருவர் பேசுகிறார். அதை எனக்கு ஒருவரும் அனுப்பியதில்லை.

அன்றைக்கு அப்பா ஊசிக்குச் சரி சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அம்மாவோடு போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னதாலா, அம்மா அழுததாலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

எனக்கு இன்னமும் ஆறாதது அந்த எழுத்தை மாற்றிய கைமேல்தான். எங்கேயோ உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் செய்திருப்பார்கள். இங்கே மலைமேல் ஒரு மனிதர் அதை நம்பி, நோய் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஊசி இல்லாமல் ஊருக்குள் நடமாடினார். பூண்டு மூட்டை ஏற்ற வந்த லோடுமேன்களோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்.

போன வாரம் அப்பா ஒரு வீடியோ அனுப்பினார். மறுபடியும் அதே மஞ்சள் முகங்கள். கீழே அவர் குரல்பதிவு: “குழுவுல இன்னும் போடல. எந்த வருசத்து எபிசோடுன்னு பார்த்துச் சொல்லு.” இன்று ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டும்.