குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு

மன்னார்குடியில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்து நாலாவது மாசம் நடக்கிறது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. அதை விரலில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுகிறாள். போர் தண்ணி, பிள்ளை முகம் பார்க்குது என்று ஆளுக்கொரு காரணம். உண்மையில், கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடியதால் உதிராமல் நின்ற முடிதான் இப்போது சேர்ந்து கொட்டுகிறது. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் வளர்ந்துவிடும். அப்புறமும் நிற்காவிட்டால் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பால் கொடுக்கிறவள் டாக்டரைக் கேட்காமல் மினாக்ஸிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தைத் தடவக் கூடாது. கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்துவிடுகிறார் அம்மா. அந்தக் கை பட்டால் தூங்குகிறாள், அதுவே பெரிசு. வருகிறவர்கள் "என்னடி இப்படிக் கொட்டிப்போச்சு" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவாருங்கள், போதும்.