ஒரே செய்தி மூன்று தடவை

காலையில் வந்து பார்த்தால் க்யூவில் வேலைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துச் செய்யும் 8 வொர்க்கர் புரோகிராம்களும் உயிரோடுதான் இருந்தன. சிபியு சும்மா இருந்தது. நடப்பதை எழுதிவைக்கும் லாகில் ஒரு எரர்கூட இல்லை. எட்டின் லாகிலும் கடைசி வரி ‘அனுப்புகிறேன்’. எல்லாம் எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு வெளிச் சேவையைக் கூப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்திருக்கின்றன.

தப்பு என்னுடையதுதான். வெளிச் சேவைகளைக் கூப்பிட உதவும் பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட் (பதிலுக்கு அதிகபட்சம் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு என்று நாமாகச் சொல்லாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். கோ மொழியின் எச்டிடிபி கிளையன்ட்டும் அப்படித்தான். டாட்நெட்டிலோ 100 விநாடி என்று ஏதோ ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்.

சரி, 5 விநாடி டைம்அவுட், மொத்தம் 3 முயற்சி என்று போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் புகார்: “ஒரே செய்தி ஏன் மூணு தடவை வருது?”

அந்தச் சேவை அன்றைக்கு மெதுவாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். 7 விநாடி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக அனுப்பியிருக்கிறது. நான்தான் ஐந்தாவது விநாடியில் போனை வைத்துவிட்டு, ‘போகவில்லை’ என்று முடிவுகட்டி மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்.

கனெக்ட் டைம்அவுட்டையும் ரீட் டைம்அவுட்டையும் அன்றுதான் பிரித்தேன். இணைப்பே கிடைக்கவில்லையா, கோரிக்கை நம் வாசலைத் தாண்டவில்லை. தைரியமாக ரீட்ரை செய்யலாம், அதாவது மறுபடி கூப்பிடலாம். கோரிக்கை போய்ப் பதில் வரவில்லையா, அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. இப்போது முதலாவதற்கு 3.05, இரண்டாவதற்கு 20 விநாடி. (அந்த 3.05 என் கண்டுபிடிப்பு இல்லை. 3-இன் மடங்கைவிடக் கொஞ்சம் கூட வையுங்கள் என்று ரிக்வெஸ்ட்ஸ் ஆவணமே சொல்கிறது.) அந்த 20-உம் மொத்த நேரம் கிடையாது, சர்வரிடமிருந்து எதுவும் வராமல் இருக்கும் இடைவெளி. சர்வர் சொட்டுச் சொட்டாகப் பதில் விட்டால் நிமிடக்கணக்கில் இழுக்கும்.

அப்புறம், ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஐடெம்பொடன்சி கீ, அதாவது அந்தச் செய்திக்கே உரிய அடையாளக் குறி. ஒரே கீ இரண்டாம் தடவை வந்தால் அந்தச் சேவை புதிதாக அனுப்பாமல் பழைய பதிலையே தரும். அதிலும் சொதப்பினேன். கீயை உருவாக்கும் வரியை ரீட்ரை லூப்புக்கு உள்ளே எழுதியிருந்தேன். ஒவ்வொரு முயற்சிக்கும் புத்தம்புதுக் கீ! அந்த வரியை நாலு வரி மேலே தூக்கி வைக்க எனக்கு அரைநாள் ஆனது.

ரீட்ரைக்கு நடுவே 1, 2 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் ரேண்டமும் கலந்தேன். இல்லையென்றால் எட்டு வொர்க்கர்களும் ஒரே நொடியில் போய்க் கதவைத் தட்டும்.

கீயை ஏற்காத பழைய சேவை இன்னொன்றும் எங்களிடம் இருக்கிறது. அதில் ரீட் டைம்அவுட் வந்தால் ரீட்ரை கிடையாது. செய்திகளின் நிலையைப் பதியும் டேட்டாபேஸ் டேபிளில் ‘அனுப்பியது’, ‘தவறியது’ இரண்டோடு ‘தெரியவில்லை’ என்று மூன்றாவது நிலை சேர்த்தேன். 10 நிமிடம் கழித்து இன்னொரு ஜாப் போய் நிலையைக் கேட்டுவரும். இன்று காலை ‘தெரியவில்லை’ நிலையில் 4 வரி இருந்தது. மூன்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன.