குசினி யன்னல்

1981இல் உயர்தர வகுப்பில் படித்தபோது பாடசாலை மலருக்கு ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். நாயகிக்கு நிலா முகம், மான் விழி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடை. காதலன் கொழும்புக்குப் போனதும் குசினிக்குள் நின்று அழத் தொடங்குவாள்; கதை முடியும்வரை அழுவாள். நானும் பெண்தான், படித்ததும் பெண்கள் பாடசாலையில்தான். ஆனாலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் வாசித்த பெண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

தமிழ் ரீச்சர் கொப்பியைத் திருப்பித் தந்தார். சிவப்பு மையில் ஒரே கேள்வி: 'குசினிக்கு யன்னல் எந்தப் பக்கம்?'

விளங்கவில்லை. போய்க் கேட்டேன். "கதை முழுக்க அங்கைதானே நிக்கிறாள், பிள்ளை. வெளியில என்ன தெரியுது எண்டாவது பார்க்க விடு" என்றார்.

அடுத்த கிழமை பாடப் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தை வாசித்துக் காட்டினார். 1943இல் வந்த கதை. இராமனின் கால் தூசி பட்டுப் பெண்ணான அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்ததைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். கடைசியில் மறுபடி கல்லாகிப் போகிறாள். ரீச்சர் பெரிதாக விளக்கம் சொல்லவில்லை. "முதலாந்தரம் சபிச்சுக் கல்லாக்கினவை. இந்தத்தரம் அவளாவே ஆனாள்" என்றார், அவ்வளவுதான்.

என் கதை மலரில் வரவில்லை. நல்ல காலம்.

ரொறன்ரோவுக்கு வந்து சில வருடங்களின் பின், எழுத்தாளர் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கையில் கிடைத்தது. 1988இல் வெளிவந்த தொகுதி. அதன் தலைப்புக் கதையில், ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாகப் போன மீனாட்சி, மலை தெரியும் சமையலறைப் பக்க வராந்தாவை அகலமாக்கலாமே என்று யோசனை சொல்கிறாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் துணி காயப்போடக் கொடி கட்டிவிடுகிறார்கள். சப்வேயில் இருந்து அதை வாசித்தபோது ரீச்சரின் சிவப்பு மைதான் கண்ணுக்குள் நின்றது. இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

இப்போதைய சீரியல் நாயகிகள் கார் ஓட்டுகிறார்கள், வில்லனை அறைகிறார்கள். சரி, அறையட்டும். தனியாக இருக்கும்போது அவள் எதைப் பார்க்கிறாள், என்ன யோசிக்கிறாள் என்று மட்டும் யாரும் காட்டுவதில்லை.

அம்பையின் கதையை வாசித்த அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, எங்கட ஊர் வீட்டுக் குசினிக்கு யன்னல் எந்தப் பக்கம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "புகை போக ஒரு ஓட்டை இருந்தது, பிள்ளை. வெளியில பார்க்க எங்கை நேரம்?"