மாதம் 69 ரூபாய் ஹோஸ்டிங்: தாராவி சங்கத்துக்காகப் பார்த்த கணக்கு

எங்கள் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. தாராவி, சயான், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் இருக்கும் திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். பொங்கல் விழாப் படங்கள், கல்வி உதவிப் படிவம், சந்தா ரசீது, துக்கச் செய்தி, தளத்தில் இவ்வளவுதான். இதுவரை அதற்கு சர்வரில் இடம் கொடுத்தவர் (ஹோஸ்டிங் என்பது அந்த இடம்தான்) தொழிலை விடுவதாகச் சொல்லிவிட்டார். புது இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பொருளாளர் அண்ணாச்சி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "வருஷத்துக்கு அஞ்சாயிரத்தத் தாண்டக் கூடாது தம்பி. ஆடிட்ல கேள்வி வரும்."

'மலிவான பத்து ஹோஸ்டிங்' என்று தேடினால் வரும் பட்டியல்களை நான் பாதிதான் நம்பினேன். அதில் உள்ள லிங்க்கை அமுக்கி நாம் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும். பல பட்டியல்கள் அதற்காகவே எழுதப்படுகின்றன. இன்னொன்று, பெயர் நாலு இருக்கும், முதலாளி ஒருவராக இருப்பார். நம்ம மும்பையின் டைரக்டி தொடங்கிய பிக்ராக், ரீசெல்லர்கிளப் என்ற ஹோஸ்டிங் பெயர்கள் இரண்டையும் 2014இல் அமெரிக்காவின் எண்டூரன்ஸ் வாங்கியது. ப்ளூஹோஸ்ட்டும் ஹோஸ்ட்கேட்டரும் ஏற்கனவே அவர்கள் கையில்தான் இருந்தன. 2021இலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நியூஃபோல்டு டிஜிட்டல் என்று பெயர். இது குற்றமில்லை. ஆனால் நாலையும் ஒப்பிட்டுவிட்டேன் என்று நாம் நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

கடைசியில் இரண்டு கம்பெனிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலாவதன் விளம்பரத்தில் மாதம் 69 ரூபாய் என்று போட்டிருந்தது. அது 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 3,312 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 3,908. அதுவும் பரவாயில்லை என்றுதான் அண்ணாச்சிக்குத் தோன்றியது. ஆனால் கீழே பொடி எழுத்தில் 'புதுப்பிக்கும்போது மாதம் 349' என்றிருந்தது. வருஷத்துக்கு 4,188, வரியோடு 4,942. அவர் சொன்ன அஞ்சாயிரத்துக்கு அது மட்டும் சரியாகிவிடும், டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, மிச்சமிருக்காது. 'இலவச டொமைன்' என்பதும் முதல் வருஷத்துக்கு மட்டும். என்னைக் கேட்டால் ஹோஸ்டிங்கின் விலை அந்த 349தான். 69 என்பது அறிமுகத் தள்ளுபடி.

புதுப்பிக்கும் பணம் எப்படிப் போகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஒருமுறை தானியங்கி அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே கார்டில் எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரம் முன்னால் ஒரு தகவல் வரும். எங்கள் சங்கக் கார்டின் தகவல் வருவது அண்ணாச்சி போனுக்கு. அவர் எஸ்எம்எஸ் படிக்கிற ஆள் இல்லை.

அடுத்து 'அன்லிமிடெட்'. இடம் அன்லிமிடெட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் ஐநோடுக்கு எல்லை வைத்திருப்பார்கள். ஐநோடு என்றால் சுலபமாக, ஃபைல்களின் எண்ணிக்கை. ஃபைல் பெரியதோ சிறியதோ, ஒன்று ஒன்றுதான். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவியதுமே ஆயிரக்கணக்கில் ஃபைல் வந்து உட்கார்ந்துவிடும். அதைவிட படங்கள்தான் ஆபத்து. போனில் எடுத்த 4,000 பிக்சல் அகலப் படம் ஒன்றை ஏற்றிவிட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவு, 2560க்குக் குறைத்த ஒன்று, மூலப்படம் ஒன்று, ஆக எட்டு ஃபைல் கிடக்கும். பொங்கலுக்கு ஐந்நூறு படம் ஏற்றினால் நாலாயிரம் ஃபைல். சங்கத்தின் இமெயிலும் அங்கேயே இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். முதல் கம்பெனியின் நிபந்தனைப் பக்கத்தில் எல்லை 50,000 என்று இருந்தது. எங்கள் பழைய தளத்தை எண்ணிப் பார்த்தால் அதற்கே மேல். விற்பனைப் பக்கத்தில் இந்த எண் எங்கேயும் இல்லை.

இருந்தாலும் 30 நாள் பணம் வாபஸ் என்றார்கள், சரி என்று ஒரு வருஷத் திட்டத்தை எடுத்து, படங்கள் இல்லாமல் தளத்தின் நகலை மட்டும் ஏற்றிச் சோதித்தேன். டொமைனை அவர்களிடம் வாங்கவில்லை; வாங்கியிருந்தால் வாபஸில் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

'சர்வர் இந்தியாவில்' என்று சொல்லியிருந்தார்கள். சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) காட்டிய சர்வரின் ஐபி எண்ணுக்கு வீட்டிலிருந்து பிங் போட்டால், அதாவது ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தால், 60 மில்லி செகண்டுக்கு மேல் வந்தது. சர்வர் மும்பையிலேயே இருந்தால் ஒற்றை இலக்கத்தில் வர வேண்டும். 60 என்றால் பெரும்பாலும் சிங்கப்பூர். டொமைன் பெயருக்கு பிங் போடாதீர்கள், நடுவில் சிடிஎன் (தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) நின்றால் அது பக்கத்து ஊர் மாதிரி காட்டும். ஆனால் சிங்கப்பூர் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அறுபது மில்லி செகண்டை யாரும் உணரப் போவதில்லை. பக்கத்தைக் கேட்டபின் முதல் பைட் வர எவ்வளவு நேரம் என்று கர்ல் என்ற கருவியை வைத்துப் பார்த்ததுதான் கண்ணைத் திறந்தது. விடியற்காலையில் அரை செகண்ட், இரவு ஒன்பது மணிக்கு மூன்று செகண்ட். தளம் அதேதான், பார்க்கிற ஆளும் நான் ஒருவன்தான். லைன் வீட்டில் ஒரே குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற கதை. ஒரே சர்வரில் எத்தனை பேரை ஏற்றியிருக்கிறார்கள் என்பது அந்த ஒன்பது மணி எண்ணில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பொங்கல் அழைப்பிதழ் லிங்க்கை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் 'என்ட்ரி பிராசஸ்' என்று ஒரு எல்லை உண்டு. ஒரே சமயத்தில் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி வேலை எத்தனை ஓடலாம் என்பது அது. முதல் கம்பெனியில் 20. இளைஞர் அணிக் குழுவில் "எட்டு மணிக்கு எல்லாரும் இதை அமுக்குங்கடா" என்று லிங்க் போட்டேன். எட்டு அடித்ததும் ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: 508, ரிசோர்ஸ் லிமிட். ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் பிளகின் போட்ட பிறகு அழைப்பிதழ் பக்கம் தாங்கியது. கல்வி உதவிப் படிவம் தாங்கவில்லை, படிவத்தைக் கேஷ் செய்ய முடியாதே.

பேக்கப் எங்கே வைக்கிறீர்கள், திரும்ப ஏற்றிக் கொடுக்கக் காசு உண்டா என்று இரண்டு கம்பெனிகளின் சாட்டிலும் கேட்டேன். முதலாவதில் ரோபோ மூன்று முறை விலைப் பட்டியலைக் காட்டியது. பிறகு வந்த மனிதர் "வாரம் ஒருமுறை, உத்தரவாதம் இல்லை" என்றார். இரண்டாவதில் தினமும் வேறு சர்வரில் எடுப்பதாகச் சொன்னார்கள். சொன்னால் போதுமா? அங்கே வைத்திருந்த சோதனைத் தளத்தில், தளத்தின் தோற்றம் இருக்கும் தீம் ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது திரும்பி வந்திருந்தது. எனக்கு இது 99.9 சதவீத நேரம் தளம் ஓடும் என்ற அப்டைம் வாக்குறுதியைவிடப் பெரிது. அந்தக் கணக்கிலேயே மாதம் 43 நிமிஷம் தளம் படுத்திருக்கலாம், எந்த 43 நிமிஷம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் கம்பெனி பணத்தை முணுமுணுக்காமல் திருப்பித் தந்தது, அதைச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் அறிமுக விலை 129 ரூபாய், ஆனால் புதுப்பிக்கும் விலை 219. புதுப்பிக்கும்போது ஒரு வருஷம் வரியோடு சுமார் 3,100. இரவு ஒன்பது மணிச் சோதனையில் ஒரு செகண்டைத் தாண்டவில்லை. எங்கள் ஃபைல் எண்ணிக்கைக்கும் இடம் தாராளம். தளத்தின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, அது காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகக் காசு கேட்கும் இடத்தை இந்தக் காலத்தில் பார்க்கவே வேண்டாம்.

மாற்றும் வேலை பெரிதில்லை. எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புது ஐபியைப் போட்டு, நான் மட்டும் புது சர்வரைப் பார்த்தேன். அங்கேதான் துக்கச் செய்திகள் எல்லாம் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாக வந்து நின்றன. டேட்டாபேஸைப் பழைய இடத்திலிருந்து எடுக்கும்போது லத்தீன் குறியாக்கத்தில் வந்திருக்கிறது. தமிழுக்கு இடம் தரும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி எடுத்து ஏற்றியதும் தமிழ் திரும்பியது. தமிழ்த் தளம் மாற்றுகிறவர்கள் டொமைன் பெயரைப் புது சர்வருக்குத் திருப்பும் டிஎன்எஸ்ஸைத் தொடும் முன் பழைய பதிவுகளில் நாலைந்தையாவது திறந்து பார்த்துவிடுங்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். காலாவதித் தேதியை அண்ணாச்சி சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொன்னார். டொமைனுக்குத் தனித் தேதி என்றதும், "அதயும் அடுத்த வரியில போடு தம்பி" என்றார்.